பிரதி அமைச்சர் பள்ளம்

போன மாதம் எங்கள் மன்னார் பஸ் டிப்போவில் ஒரு சின்ன வைபவம். பஸ்களுக்கு ஏதோ கருவி பூட்டியிருக்கிறார்கள். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கந்தோரில் இருந்தபடியே ஒரு திரையில் பார்க்கலாம். ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டு, வடையும் தேநீரும் தந்து அதைக் காட்டினார்கள். நான் எட்டிப் பார்த்த நேரம் தலைமன்னார் பஸ் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தது. கருவி புதிது, போகப் போகச் சரிவரும் என்றார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

வடை முடிகிற நேரம் இளம் டைம் கீப்பர் ஒருவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“சேர், நீங்கள்தானாம் அந்த நாளையில பிரதி அமைச்சர் ஒருத்தரை பஸ்ஸில கடத்திக்கொண்டு போனது.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுகினம். வழியில யானை மறிச்சதாம். நீங்கள் பஸ்ஸை விட்டிட்டு ஓடினனீங்களாம்.”

யானை வரவில்லை. நான் ஓடவும் இல்லை. சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத ஒருவன் பஸ்ஸைக் கடத்துவது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்ததால் உடனே மறுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இன்னும் பத்து வருடத்தில் இந்தக் கதையில் கப்பலும் வந்து சேர்ந்துவிடும் என்று பட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சூசை. பேசாலையில் பிறந்தவன். வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன் என்பதால் அப்பா என்னைக் கடலுக்கு விடாமல் பஸ்ஸுக்கு அனுப்பினார். பஸ்ஸிலும் வாந்தி எடுத்தேன். ஆனால் அங்கே அதற்குச் சம்பளம் தந்தார்கள். சில வருடம் நடத்துனராக இருந்துவிட்டு, பிறகு டைம் கீப்பராக ஒரு சின்னக் கூண்டுக்குள் போய்ச் சேர்ந்தேன். கூண்டுக்கு ஒரு யன்னல், எனக்கு ஒரு விசில். பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வது என் வேலை. சண்டைக் காலத்தில் அந்த நேரத்துக்குப் பஸ் புறப்படாததற்குக் காரணம் சொல்வதுதான் என் முழுநேர வேலையாகிவிட்டது. டீசல் வரவில்லை, மன்னார்ப் பாலத்தடியில் இராணுவச் சோதனை, பாதை பூட்டு, டயர் வெடித்தது, சாரதியைச் சோதனைச்சாவடியில் இருத்திவைத்திருக்கிறார்கள். ஒரு காரணத்தை ஒரு நாளுக்கு இரண்டு தரத்துக்கு மேல் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன்.

எங்கள் முகாமையாளர் இராசநாயகம் ஐயா. மெலிந்து உயர்ந்த மனிதர். எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை பூட்டியிருப்பார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நிற்பார். மேசைக்குக் கீழே கழற்றிவிட்ட செருப்பைக் காலாலேயே தேடிப் போட்டபிறகுதான் ‘ஹலோ’ என்பார். மன்னார் லைனில் குரல் பிந்தித்தான் கேட்கும் என்று கொழும்பிலுள்ளவர்கள் அதனால் நம்பியிருந்தார்கள்.

அவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. அந்த இடத்தில் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைப் போடுவார். தலைமன்னாருக்கு இரண்டாவது பஸ் உண்டா என்று கேட்டால், “இப்போதைக்கு ஒண்டுதான்” என்பார். அந்த இப்போதைக்கு, நான் அறிய ஒன்பது வருடம் நீடித்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பயணி யாராவது முறைப்பாடு கொடுத்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக பஸ்கள் நிற்கிற யார்டுக்குப் போவார். குறிப்பிட்ட பஸ்ஸுக்கு முன்னால் நிற்பார். சாரதி வலப்பக்கம், நடத்துனர் இடப்பக்கம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் இரண்டு விளக்குகளையும் பார்த்து வாசிப்பார்.

“கனம் ஐயா, மேற்படி பஸ்ஸின் கூரை ஒழுகியதால் எனது மகளின் கூறைச்சேலை நனைந்துவிட்டது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்.”

வாசித்து முடித்துவிட்டு பஸ்ஸை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். “கேட்டியோ?” என்பார். பஸ் ஒன்றும் சொல்லாது. ஐயா திரும்பி நடந்துவிடுவார். மறுநாள் சாரதி தன் சொந்தக் காசில் தார் வாங்கிக் கூரையில் பூசிக்கொண்டிருப்பார்.

ஏன் ஐயா இப்படி என்று ஒருநாள் கேட்டேன். “சாரதியைப் பேசினா தொழிற்சங்கம் வரும், சூசை. பஸ்ஸைப் பேசினா சாரதிக்கு ரோசம் வரும். எது சுகம்?” என்றார்.

சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கிய காலத்தில்தான் செல்லம்மா என் யன்னலுக்கு வரத் தொடங்கினார். முருங்கனுக்குத் தெற்கே, பிரதான வீதியிலிருந்து உள்ளே போனால் புளியங்கட்டு என்று ஒரு கிராமம். கலவரங்களுக்குப் பயந்து மலையகத் தோட்டங்களை விட்டு இறங்கிவந்த குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய இடம். வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிற சனம். செல்லம்மா அங்கே மாதர் சங்கத் தலைவி. நாற்று நட்டு நட்டு முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. பேச்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக் நாள். அயலில் எந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலை இருந்தாலும் செல்லம்மாதான் கூட்டிக்கொண்டு வருவார். வயல்வெளியால் பிரதான வீதிவரை நடந்து வந்து, பஸ் பிடித்து, பாலத்தடியில் இறங்கிச் சோதனை முடித்து, திரும்ப ஏறி, கிளினிக்கில் இலக்கத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வருவார்.

“ஐயா, எங்க ஊருக்கு பஸ்ஸு எப்பங்க வரும்?”

“இப்போதைக்குப் பரிசீலனையில இருக்கு, அக்கா.”

“அது எங்கன இருக்குங்க? நான் போய்ப் பாக்குறேன்.”

ஐயாவின் கந்தோரைக் காட்டிவிடுவேன். ஐயா எழுந்து நின்று அவரை வரவேற்பார். கொழும்புத் தொலைபேசிக்குப் போடுகிற மரியாதையை அவருக்கும் போடுவார். ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதி மேலே அனுப்புவார். மேலே என்றால் மேலேதான். அங்கிருந்து ஒன்றும் கீழே வராது.

ஒருநாள் கடிதம் ஒன்று வந்தது. புளியங்கட்டு மக்களின் நீண்டகாலக் கோரிக்கை நிறைவேற்றப்படுகிறது, அங்கே ஒரு பஸ் தரிப்பிடம் கட்டப்படும் என்று ஐயா வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். தரிப்பிடத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது, பஸ்ஸுக்கு ஒதுக்கியிருக்கவில்லை. அந்த வருடம் கொழும்பிலிருந்து வடக்கே வருகிற பெரியவர்கள் எல்லோருக்கும் திறந்துவைக்க ஏதாவது தேவைப்பட்டது. பஸ்ஸைத் திறந்துவைக்க முடியாது. அது அங்கே நிற்காமல் போய்விடும்.

தரிப்பிடம் எழும்பியது. நல்ல கட்டடம், ஓட்டுக் கூரை, இருக்கச் சீமெந்து வாங்கு. ஒரே ஒரு குறை, அது வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாங்கில் இருந்தால் வயல் தெரியும், வீதி தெரியாது. வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போட்ட வரைபடத்தை இந்தப் பக்கத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் பார்வையிடப் போயிருந்தபோது, கட்டியவரிடம் செல்லம்மா இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு வர்றது தெரியாதேங்க?”

“பஸ் வாறேல்லைத்தானே அம்மா. பிறகென்ன?”

செல்லம்மா வாங்கில் போய் இருந்து வயலைப் பார்த்தார்.

திறப்பு விழாவுக்குப் பிரதி அமைச்சர் ஒருவர் வருவதாக முடிவானது. பெயர் வேண்டாம். குண்டான, நல்ல சுபாவமான மனிதர், முழங்காலில் ஏதோ வருத்தம், தமிழ் சரளமாகப் பேசுவார். தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நின்றால்தான் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஐயா செருப்பைப் போட்டுக்கொண்டு, “ஓம், ஒரு பஸ் அனுப்பலாம்” என்றார்.

ஓடுகிற பஸ் எதையும் நிறுத்த முடியாது. யார்டின் மூலையில் பூவரசுக்குக் கீழே ஒரு பழைய பஸ் நின்றது. அதற்குப் பின்கியர் விழாது. சாரதி மொறாயஸ் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“முன்னுக்குப் போகும், ஐயா. நிக்கச் சொன்னா நிக்கும். பின்னுக்கு மட்டும் போகாது.”

“திறப்பு விழாவுக்குப் பின்னுக்குப் போற வேலை ஒண்டும் இல்லைத்தானே” என்றார் ஐயா.

ஆனாலும் ஏற்பாட்டைக் கவனமாகத்தான் சொன்னார். வீதி ஒடுக்கம். தரிப்பிடத்தடியில் திருப்ப இடமில்லை. விருந்தினர் வருமுன் பஸ் நேரே குளக்கட்டுவரை போய், அங்குள்ள கோயில் வெளியில் திரும்பி, பிரதான வீதியைப் பார்த்தபடி தரிப்பிடத்தில் வந்து நிற்க வேண்டும். பொறுப்பாக நான் கூடப் போக வேண்டும். நடத்துனராக எருக்கலம்பிட்டி நியாஸ். நியாஸின் குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்தது. பாதை திறந்ததும் அவன் மட்டும் முதலில் திரும்பி வந்து வேலையில் சேர்ந்திருந்தான். அவனைப்போல் பஸ்ஸில் ஆள் ஏற்றத் தெரிந்தவன் எங்கள் டிப்போவில் இல்லை. ஒரு வாழைக்குலை வைக்க இடமில்லாத பஸ்ஸில் அவன் ஒரு கல்யாண வீட்டையே ஏற்றுவான்.

பாலத்தடியில் எங்களை மறித்தார்கள். வழமையாகச் சனத்தை இறக்கி, நடக்கவிட்டு, பைகளைச் சோதித்து ஏற்றுவார்கள். வெறும் பஸ்ஸை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இறங்க ஆளில்லை, சோதிக்கப் பையில்லை. ஆளில்லாத பஸ் எதற்காகப் போகிறது என்று கேட்டார்கள். பஸ் இல்லாத ஊருக்குப் படம் எடுக்கப் போகிறது என்று நியாஸ் உண்மையைச் சொன்னான். அதனால் இன்னும் பிந்தியது.

நாங்கள் புளியங்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கிவிட்டது. குளக்கட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. மொறாயஸ் பஸ்ஸைத் தரிப்பிடத்தடியில், குளத்தைப் பார்த்தபடியே நிறுத்தினார். படத்தில் முன்னும் பின்னும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

பிரதி அமைச்சர் பேசினார். கையில் தந்த தாளைப் பார்த்து, இந்தக் கிராமத்துக்குத் தரிப்பிடம் மட்டுமல்ல, பிரதான வீதியிலிருந்து குளக்கட்டுவரை வீதியும் முழுமையாகப் புனரமைக்கப்பட்டிருப்பதை இட்டு மகிழ்ச்சியடைவதாகச் சொன்னார். சனம் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தரிப்பிடம்வரை கிறவல் மண் கொட்டியிருந்தது உண்மை. அதுவும் அவருடைய வாகனம் வருவதற்காக விழாவுக்கு முந்தின கிழமை கொட்டியது.

நாடா வெட்டியானதும் படம் பிடிப்பவர் ஒரு யோசனை சொன்னார். சேர் பஸ்ஸுக்குள் ஏறி, முன் ஆசனத்தில் இருந்து யன்னலால் கையசைத்தால் நன்றாக இருக்கும். பிரதி அமைச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி அமர்ந்தார். கையசைத்தார். பின்னால் ஆசனங்கள் வெறுமையாகத் தெரிகின்றன, கொஞ்சப் பேர் ஏறினால் நல்லது என்றார் படம் பிடிப்பவர்.

இதை நியாஸிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“ஏறுங்கோ, ஏறுங்கோ. உள்ளுக்குப் போங்கோ. பின்னால இடம் கிடக்கு. அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அக்கா, பிள்ளையை மடியில வையுங்கோ.”

சனம் அள்ளுப்பட்டு ஏறியது. தங்கள் ஊருக்கு வந்த முதல் பஸ், யார் விடுவார்கள். செல்லம்மா பிரதி அமைச்சருக்குப் பக்கத்து ஆசனத்தில் போய் அமர்ந்தார். ஒரு கிழவர் தவிட்டு மூட்டையோடு ஏறினார். நான் கடைசியாக மிதிபலகையில் தொற்றிக்கொண்டேன். நியாஸ் பின்னால் ஒரு தடவை பார்த்தான், இனி ஒரு ஊசிக்கும் இடமில்லை என்று கண்டான், உடம்பில் ஊறின பழக்கத்தில் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

“றைற்.”

இருபது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக் கால் பழகியவர் மொறாயஸ். பஸ் புறப்பட்டது.

கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். பிரதி அமைச்சர் அவர்களுக்குக் கையசைத்தார். தரிப்பிடம் பின்னால் போன பிறகுதான் கையை இறக்கினார்.

“இது எங்கே போகிறது?”

மொறாயஸ் அப்போதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தார். பஸ்ஸை நிறுத்தினார். நிறுத்தினார், ஆனால் என்ன செய்வது? பின்னுக்குப் போகாது. இரண்டு பக்கமும் சேற்று வயல். பிரதி அமைச்சரை இறக்கி நடக்கவிடலாம் என்றால், வாசலுக்கும் அவருக்கும் நடுவே நியாஸ் ஏற்றிய சனம் செங்கல் அடுக்கியதுபோல நின்றது.

“சேர், கொஞ்சம் முன்னுக்குப் போய்த் திருப்பிக்கொண்டு வருவம்” என்றேன் மிதிபலகையிலிருந்து. “றோட்டுத்தான் புனரமைச்சிருக்கே.”

கேலி பண்ணிப் பகிடிக்குச் சொல்லவில்லை. பதற்றத்தில் அவருடைய பேச்சே வாயில் வந்துவிட்டது.

பஸ் மறுபடி நகர்ந்தது. கிறவல் முடிந்து பள்ளங்கள் தொடங்கின. செல்லம்மா பிரதி அமைச்சருக்கு ஊரைக் காட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளிக்குக் காட்டுகிற அதே அக்கறையோடு.

“முன்னாடி கம்பியப் புடிச்சுக்குங்க ஐயா. இப்ப வர்றது கந்தையா பள்ளம்.”

பஸ் விழுந்து எழும்பியது.

“கந்தையா யாரு?”

“எங்க ஊரு ஆளுதாங்க. சைக்கிளோட விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சு. பின்னாடி நிக்கிறாரு. அண்ணே, ஐயாவுக்கு ஒரு தடவ சிரிங்க.”

கந்தையா சிரித்துக் காட்டினார். பிரதி அமைச்சர் தலையசைத்தார்.

“அடுத்தது வாத்தியார் பள்ளம். மூணு வாத்தியாருங்க வந்தாங்க ஐயா, மூணு பேரும் இதோட திரும்பிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வர்றது கல்யாணப் பள்ளம், அதுல மாப்புள விழுந்தாரு.”

“கல்யாணம் நடந்ததா?”

“நடந்துச்சுங்க. சேத்தோடதான்.”

பஸ் முழுவதும் சிரித்தது. பிரதி அமைச்சரும் சிரித்தார். தலை கூரையில் முட்டியது. பின்னால் அவருடைய பாதுகாப்புப் பொலிஸ் ஜீப் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. மொறாயஸ் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தால் வழிவிடுவது அவருடைய கொள்கை அல்ல. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். ஜீப் கல்யாணப் பள்ளத்தில் சிக்கிப் பின்தங்கியது.

ஒரு சிறு மதகு வந்தபோது செல்லம்மா தணிந்த குரலில், “இங்க மெதுவாப் போங்க தம்பி” என்றார். மொறாயஸ் மெதுவாக்கினார்.

“இது ராணி பள்ளம்ங்க. ராணிக்கு இங்கனதான் புள்ள பொறந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில, டிராக்டர் பெட்டியில. மழ. நான்தான் புடிச்சேன்.”

பஸ் ஊர்ந்து மதகைக் கடந்தது.

“பிள்ளை?” என்று கேட்டார் பிரதி அமைச்சர்.

“நல்லா இருக்குங்க. ராணிதான் ரொம்ப நாளு எந்திரிக்கல.”

அவர் கையில் இருந்த பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

குளக்கட்டுக்குக் கிட்ட, கோயில் வெளி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பஸ் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது. ஏறவில்லை. இந்தப் பள்ளத்துக்கு என்ன பெயர் என்று பிரதி அமைச்சரே கேட்டார். இதுக்குள்ள இதுவரைக்கும் யாரும் விழலைங்க, அதனால பேரு வைக்கலை என்றார் செல்லம்மா. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். முழங்கால் வருத்தக்காரர் உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டோம். பஸ் அசையவில்லை. கடைசியில் பாரம் குறைக்க அவரும் இறங்கினார். இறங்கிய இடம் சரியில்லை. ஒரு கால் கணுக்கால்வரை போனது. எடுக்கும்போது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. இரண்டு இளைஞர்கள் கையை விட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து சேர்ந்தது. அதிலிருந்து குதித்த பொலிஸ்காரர்கள் கண்டது இது: காட்டோரம், சனக்கூட்டம், நடுவில் ஒற்றைச் சப்பாத்தோடு பிரதி அமைச்சர். அதற்கு முன்பே அவர்கள் வானொலியில் செய்தி அனுப்பிவிட்டார்கள், அவரை பஸ்ஸில் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று. பேச்சுவார்த்தை நடந்த காலம்தான். ஆனால் யாருடைய பக்கம் எந்த மரத்தோடு முடிகிறது என்று அந்தப் பகுதியில் எவருக்கும் நிச்சயம் இல்லை. துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நியாஸின் முகத்தில் ரத்தம் இல்லை. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிரதி அமைச்சர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

“அதையெல்லாம் வைத்துவிட்டு வந்து தள்ளுங்கள்” என்றார்.

தள்ளினார்கள். பஸ் வெளியே வந்தது.

அன்று பொழுது நன்றாகத்தான் முடிந்தது. அவர் எங்களுக்கு நன்றிகூடச் சொன்னார். ஆனால் வானொலியில் போன செய்தி திரும்பி வராது. ‘கடத்தல்’ என்ற சொல்லை அந்தக் காலத்தில் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆட்கள் காணாமற் போவது எங்கள் பக்கத்தில் பகிடி இல்லை. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். மொறாயஸ், நியாஸ், நான் மூவரும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டோம். நியாஸ்தான் மிகவும் உடைந்துபோனான். “புத்தளத்தில இருந்து உம்மாவைக் கூப்பிட வீடு பார்த்து வச்சிருந்தன் அண்ணே. இப்ப என்னெண்டு சொல்லுறது? றைற் சொன்னதால வேலை போச்சுதெண்டோ?”

விசாரணை ஐயாவின் கந்தோரில் நடந்தது. நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம். அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

“பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கட்டளையிட்டது யார்?”

இராசநாயகம் ஐயா எழுந்து நின்றார். செருப்பைப் போட்டிருக்கவில்லை.

“நான்தான்” என்றார்.

எங்களுக்கே அது புதுச்செய்தி.

“எதற்காக?”

“பஸ் சேவை தொடங்கிறதுக்கு முன்னம் பாதையில ஒரு தரம் ஓடிப் பார்க்கிறது வழமை. அது பரீட்சார்த்த ஓட்டம். பிரதி அமைச்சரும் நேரடியாப் பார்வையிட்டவர். அவரைக் கேட்டுப் பாருங்கோ.”

“புளியங்கட்டுக்குத்தான் பஸ் சேவை இல்லையே.”

ஐயா கைப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அதுதான் தொடங்கப்போறம்.”

சாட்சிக்கு வந்திருந்த செல்லம்மா வெளி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்று, “எப்பங்க ஐயா?” என்றார். அதிகாரியும் திரும்பி ஐயாவைப் பார்த்தார். முப்பது வருடச் சேவையில் முதல்தடவையாக ‘இப்போதைக்கு’ என்று சொல்ல முடியாத ஒரு இடத்தில் அந்த மனிதர் நின்றார்.

“வாற முதலாம் திகதி” என்றார்.

கொழும்பில் பிரதி அமைச்சரைக் கேட்டார்கள். தன்னை ஒரு ‘றைற்’ கொண்டுபோனது என்று எந்தப் பிரதி அமைச்சரும் சொல்ல மாட்டார். ஆம், வீதியைத் தானே பஸ்ஸில் போய்ப் பரிசோதித்ததாகச் சொன்னார். பத்திரிகையிலும் அப்படியே வந்தது. ஐயா சொன்னது பொய்; பிரதி அமைச்சர் சொன்னதும் பொய். இரண்டு பொய்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியதால் பஸ் உண்மையாகிவிட்டது. எங்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

வீதிக் கதை வேறு. புளியங்கட்டுச் சனம் அந்தக் கடைசிப் பள்ளத்துக்குப் பெயர் வைத்துவிட்டது. பிரதி அமைச்சர் பள்ளம். மரியாதைக்குத்தான் வைத்தார்கள். ஆனால் “பிரதி அமைச்சர் பள்ளத்துக்குள்ள மாடு விழுந்திட்டுது”, “பிரதி அமைச்சர் பள்ளம் நாறுது” என்ற பேச்சு முருங்கன் சந்திவரை வந்து, அங்கிருந்து மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்குப் போய், எப்படியோ கொழும்புக்கும் போய்விட்டது. பத்து நாளில் லொறியும் உருளையும் வந்து அந்த ஒரு பள்ளத்தை மட்டும் கல்லுப் போட்டு, தார் ஊற்றி, பளிங்குபோல ஆக்கிவிட்டுப் போயின. செல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த நாள் மாதர் சங்கம் கூடி, மிச்சப் பள்ளங்களுக்கும் பெயரை மாற்றியது. வீதிக்குப் பொறுப்பான பொறியியலாளர், அவருக்கு மேலே உள்ளவர், கிறவல் போட்டதாகக் கையெழுத்து வைத்தவர், தரிப்பிடம் கட்டியவர் என்று ஒருவரும் தப்பவில்லை. அந்த மாரி மழைக்கு முன்பே வீதி போட்டு முடிந்தது. ராணி பள்ளத்தின் பெயரை மட்டும் மாதர் சங்கம் மாற்றவில்லை. அதையும் வீதி போட்டவர்கள் நிரப்பித்தான் விட்டார்கள்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கி அந்தப் பக்கப் பாதை பூட்டப்படும்வரை பஸ் ஓடியது. நியாஸ் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். இராசநாயகம் ஐயா அந்த முதலாம் திகதிக்குப் பிறகு யாருக்கும் திகதி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்த முதலாம் திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. புளியங்கட்டு பஸ் எங்கள் யார்டுக்குள் வந்து திரும்பியதை நான் கூண்டில் இருந்து பார்த்தேன். கர்ப்பிணிப் பெண்கள் இறங்கினார்கள், வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள், கந்தையா ஒரு சாக்குக் கத்தரிக்காயோடு இறங்கினார். கடைசியாகச் செல்லம்மா. புதுச் சேலை. நேராக என் யன்னலுக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, பஸ்ஸு லேட்டுங்க.”

“பிந்தியோ வந்தது?”

“ஏழு மணின்னு சொன்னீங்க. ஏழே காலுக்குத்தான் வந்துச்சு. கிளினிக்குல துண்டு முடிஞ்சிரும்ங்க.”

மன்னிப்புக் கேட்டேன். பாலத்தடியில் சோதனை என்றேன். அந்தக் காரணம் அவருக்குப் போதவில்லை.

“நாளைக்கும் லேட்டாத்தான் வருமாங்க?”

“ஓம் அக்கா,” என்றேன். “நாளைக்கும் வரும்.”